விட்டுப்போன பதினாறு பக்கம்

ஜூன் 29, சனி

இந்த மாதம் படித்து முடித்தது நான்கு. நாவல் இரண்டு, தேனீ வளர்ப்பு ஒன்று, ஒருவர் காசிக்கு சைக்கிளில் போய் வந்த கதை ஒன்று. ஐந்தாவதாக ஒன்று எடுத்தேன், எண்பதாம் பக்கத்தில் மூடி வைத்துவிட்டேன். அதைச் சேர்க்கவில்லை. கடைசிப் பக்கம் வரை படிக்காததை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை என்பது ஆறு வருஷமாக என் வழக்கம்.

'ஊர்ச்சேதி' மாதப் பத்திரிகைக்கு என் பக்கத்தை எழுதி, போனில் போட்டோ எடுத்து, பிரஸ் வைத்திருக்கும் அருணகிரிக்கு அனுப்பிவிட்டேன். மேலே 'இந்த மாதம் படித்தது', கீழே 'அடுத்த மாதம் படிக்கப்போவது', அதற்கும் கீழே வழக்கம்போல 'செ. நாச்சம்மாள், ஐந்தாம் வகுப்பு'. முதல் மாதம் அருணகிரி, "பேருக்குப் பின்னால என்னக்கா போடறது? கந்தப்பன் வாத்தியார் அவரு பக்கத்துல எம்.ஏ., எம்.எட்.னு போட்டிருக்காரு" என்று கேட்டான். என்னிடம் இருக்கிறதைப் போடு என்றேன். இப்போது அது இல்லாமல் அச்சடித்தால் ஜனங்கள் போன் போட்டுக் கேட்கிறார்கள்.

நான்கில் மேலானது 'தெக்காலே ஒரு வீடு'. எழுதியது சு. அமிர்தவல்லி, சத்தியமங்கலம் பக்கம் டீச்சர். சொல்லாமல் போய்க் கல்யாணம் செய்துகொண்ட மகளை ஒன்பது வருஷம் கழித்துப் பார்க்கக் கிளம்புகிற தாயின் கதை. பஸ் மாறி, வழி கேட்டு, மகள் வீட்டு வாசலுக்கு வருகிறாள். 'கதவின் மேல் கையை வைத்தாள்.' அத்தோடு புத்தகம் முடிகிறது, இருநூற்றெட்டாம் பக்கம். நான் எழுதியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

'கதவு திறந்ததா, திறந்தவள் என்ன சொன்னாள் என்று எழுதாமல் நிறுத்தியதுதான் இந்த அம்மாளின் கெட்டிக்காரத்தனம். வேறு யாராவது என்றால் கட்டிப்பிடித்து அழவிட்டு இன்னும் பத்துப் பக்கம் ஓட்டியிருப்பார்கள். நிறுத்தத் தெரிந்தவளுக்குத்தான் எழுதத் தெரியும். அந்தக் கதவு மூடியே இருக்கட்டும்.'

நன்றாக வந்திருக்கிறது. அனுப்பிவிட்டு மிளகாய் காயப்போட்டேன்.

ஜூலை 2, செவ்வாய்

இதழ் வந்தது. எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. நாமக்கல்லில் மாட்டு டாக்டருக்குப் படிக்கும் என் பேத்தி நிவேதா போன் போட்டு, "அமுச்சி, எங்க ஹாஸ்டல்ல ஒம்பது பேரு உங்க ஃபேன்" என்றாள். இந்த வம்சத்தில் டாக்டருக்குப் போன முதல் ஆள் அவள். மாட்டு டாக்டர் என்றால் இளப்பமாகப் பார்க்கிறவர்கள் வீட்டில் மாடு இல்லை என்று அர்த்தம்.

அவளும் அவள் தம்பி தருணும், எனக்குப் பேரப்பிள்ளைகள் இரண்டு. மூன்று என்றும் சொல்லலாம். பார்க்காததை எப்படிச் சேர்ப்பது?

ஜூலை 5, வெள்ளி

காலையில் தெரியாத நம்பரிலிருந்து போன். 'தெக்காலே ஒரு வீடு' எழுதிய அமிர்தவல்லியேதான். சின்னக் குரல், மரியாதையான பேச்சு.

"அம்மா, நீங்க எழுதுனத மூணு தடவ படிச்சனுங்க. எங்க இஸ்கூல்ல எல்லார்த்துக்கும் காட்டுனேன். ஒண்ணு மட்டும் எனக்கு வெளங்கலீங்க."

"என்ன கண்ணு?"

"கதவு மூடியே இருக்கட்டும்னு எழுதியிருக்கீங்க. கதவு தொறக்குதுங்களே?"

"எங்க தொறக்குது?"

"இருநூத்தி ஒம்பதாம் பக்கத்துலீங்க."

அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன். புத்தகத்தை மூன்று நாள் முன்பே நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன், எடுத்துப் பார்க்கவும் வழியில்லை. அந்தப் பிள்ளையே, "முடிவ வெளிய சொல்லிப்போட்டா படிக்கறவங்களுக்கு ருசிக்காதுன்னு வேணும்னே அப்படி எழுதுனீங்களாட்ட இருக்குதுங்க?" என்றாள்.

நான் "ம்" என்றேன்.

"அதத்தான் நானும் நெனச்சேன்!" என்று சிரித்தாள். இருபத்தெட்டாம் தேதி நம் வாசகர் வட்டக் கூட்டத்துக்கு வருகிறாளாம். முடிவைப் பற்றி என் வாயால் கேட்க வேண்டுமாம்.

சிலிண்டர் வந்தது. சீல் சரியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன்.

ஜூலை 6, சனி

நூலகம் போனேன். நூலகர் ஜெசிந்தா புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். இருநூற்றெட்டுக்குப் பிறகு பின்னட்டைதான். அதே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பிரஸ்சுக்கு நடந்தேன். அருணகிரி முதுகைப் பிரித்துத் தையலைத் தடவிப் பார்த்தான்.

"பெரிய தாள ஒண்ண மடிச்சா பதினாறு பக்கமுங்க்கா. அதைத்தான் ஃபாரம்ங்கறது. இது பதிமூணு ஃபாரம் இருக்குது. பதினாலாவத பைண்டிங்ல வெக்காம உட்டுட்டாங்க. அவசரத்துல நடக்கறதுதான்."

"வாக்கியம் முற்றுப்புள்ளியோட முடியுதே!"

"பக்கத்துக் கடசில முற்றுப்புள்ளி வந்தது உங்க நேரமுங்க்கா. பாதி வார்த்தைல நின்னிருந்தா கண்டுபிடிச்சிருப்பீங்க."

ஆக, தவறு என்னுடையது இல்லை. எனக்கு முன்னால் இரண்டு பேர் இதே புத்தகத்தை எடுத்துப் போயிருக்கிறார்கள், அவர்களும் ஒன்றும் சொல்லாமல்தான் திருப்பிக் கொடுத்தார்கள் என்று ஜெசிந்தா சொன்னாள். அந்த இரண்டு பேரும் அதைப் பத்திரிகையில் எழுதவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அமிர்தவல்லி போன் போட்டதையும் அருணகிரியிடம் சொன்னேன். "அப்பறம் என்னுங்க்கா, அந்தம்மாவே வழி சொல்லிக் குடுத்திருக்குது. அப்படியே உட்டுருங்க. இந்த ஊர்ல முழுப் புத்தகத்த வெச்சிருக்கறவங்க யாரு? கந்தப்பன் வாத்தியாரு ஒருத்தர்தான் காசு குடுத்து வாங்கினாரு. அவரும் படிச்சிருக்க மாட்டாரு."

ஜூலை 9, செவ்வாய்

எலுமிச்சை ஊறுகாய். நாற்பத்தைந்து பழம். படித்தது ஒன்றுமில்லை.

ஜூலை 11, வியாழன்

கூரியரில் புத்தகம் வந்தது. அமிர்தவல்லி கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறாள்: 'முடிவைக் காப்பாற்றிய அம்மாவுக்கு.'

இருநூற்று இருபத்து நான்கு பக்கம். எண்ணைப் பார்த்தேன், பிரிக்கவில்லை. கிணறு வெட்டுகிறவர்களைப் பற்றி ஒரு புத்தகம் பாதியில் இருக்கிறது. நடுவில் இன்னொன்றை நுழைத்தால் ஓட்டம் கெட்டுப்போகும். அதை முடித்துவிட்டு இதைப் பார்க்கலாம்.

ஜூலை 14, ஞாயிறு

கிணற்றுப் புத்தகம் முடிந்தது. நல்ல புத்தகம். அடுத்து என்ன எடுப்பது என்று அலமாரி முன்னால் நின்றேன். ஒரு சமையல் புத்தகத்தை எடுத்தேன்.

ஜூலை 17, புதன்

சந்தையில் கந்தப்பன் வாத்தியார். படித்துவிட்டார்.

"என்ன அம்மிணி, 'நிறுத்தத் தெரிந்தவளுக்குத்தான் எழுதத் தெரியும்'னு போட்டிருக்கீங்க. அந்தப் புள்ள நிறுத்தலையே! அதுக்கப்பறமும் பதினாறு பக்கம் ஓட்டிப்போட்டாளே!"

கத்திரிக்காய்க்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

"முழுசாப் படிக்காம மதிப்புரை எழுதறது எங்கள மாதிரி எம்.ஏ.காரங்க பொழப்புங்க. அஞ்சாவதுக்காரங்களும் அதுல எறங்கிட்டா நாங்க எங்க போறது?"

"உங்க பக்கத்த யாரு படிக்கறாங்கன்னு நான் அதுல எறங்கறது வாத்தியாரய்யா?" என்றேன். சிரித்தார். கோபப்படுகிற மனுஷன் இல்லை அவர், அதுதான் அவரிடம் தொல்லை.

"கூட்டத்துல கேப்பேனுங்க. எழுதுனவங்களும் இருப்பாங்க, நீங்களும் இருப்பீங்க. ரெண்டு பேரையும் வெச்சுக் கேக்கறதுதான் மொறை."

"கேளுங்க."

"அது கெடக்கட்டும், இப்பவாச்சும் படிச்சீங்களா? கடைசி எப்படி?"

வெயில் ஏறுகிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். கத்திரிக்காய் வாங்க மறந்துவிட்டேன்.

இரண்டாயிரத்துப் பதினெட்டிலிருந்து எழுபத்திரண்டு மாதம் எழுதியிருக்கிறேன். ஒரு மாதம்கூட விட்டதில்லை. என் வீட்டுக்காரர் இறந்த மாதமும்கூட எழுதினேன். ஒரு 'ம்'மில் அத்தனையும் போய்விடும் போலிருக்கிறது.

ஜூலை 21, ஞாயிறு

அவருடைய நினைவு நாள். நான்கு வருஷம் ஆகிவிட்டது. பெரிய மகள் கலாமணி கோயமுத்தூரிலிருந்து வந்தாள். வடை பாயசத்தோடு படையல். அவருக்குப் பிடித்த கொள்ளுப் பருப்பும் வைத்தேன்.

கலாமணி அலமாரியைத் துடைக்கும்போது அந்தப் புத்தகத்தை எடுத்துப் பின்னட்டையைப் படித்தாள். படித்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"அம்மா, சுகந்தி போன வாரம்..."

"எலை போடு, காக்காய்க்கு வெச்சாச்சு" என்றேன்.

சுகந்தி என் சின்னவள். வேறு ஆளுகள் வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டு பல்லடத்தில் இருக்கிறாள். பதினோரு வருஷம். இந்த வீட்டில் அவள் பேரை எடுக்கக் கூடாது என்று சொன்னவர் அவர்தான். நான் இல்லை. அவர் போன அன்றைக்கு அவள் வந்து தெருமுனையில் மின்கம்பத்தடியில் நின்றாள். நான் பார்த்தேன். உள்ளே கூப்பிடவில்லை. கூட்டமாக இருந்தது.

வடை மீந்துவிட்டது. கலாமணி பாதியை டப்பாவில் போட்டு எடுத்துப் போனாள்.

ஜூலை 24, புதன்

இன்று உட்கார்ந்துவிட்டேன். முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தேன், இருநூற்றெட்டு வரை. 'கதவின் மேல் கையை வைத்தாள்.' மோட்டார் ஓடுகிறதோ என்று எழுந்து போய்ப் பார்த்தேன். ஓடவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

கூட்டம் பதினொரு மணிக்கு. நூலகத்தின் நாளிதழ் அறையில் நாற்காலி போட்டிருந்தார்கள். இருபத்து மூன்று பேர். அமிர்தவல்லி முன்வரிசையில் உட்கார்ந்து, நான் உள்ளே வந்ததும் எழுந்து நின்றாள். நான் நினைத்ததைவிட வயது குறைவு. கந்தப்பன் வாத்தியார் தன் புத்தகத்தில் சீட்டு வைத்து அடையாளம் பண்ணிக்கொண்டு வந்திருந்தார்.

ஜெசிந்தா வரவேற்புச் சொன்னாள். வாத்தியார் கையைத் தூக்கினார். அதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

"வாத்தியாரய்யா கேக்கறதுக்கு முந்தி நானே சொல்லிர்றேன். எனக்குக் கெடைச்ச புத்தகத்துல கடசிப் பதினாறு பக்கம் இல்லீங்க. அங்கயே முடிஞ்சுதுன்னு நெனச்சு எழுதிப்போட்டேன். அது பைண்டிங்காரங்க தப்பு. ஆனா இந்தப் புள்ள போன் போட்டு, 'வேணும்னுதான் முடிவச் சொல்லாம உட்டீங்களா'ன்னு கேட்டப்ப, 'ம்'முன்னு சொன்னேன். அது என் தப்பு. மன்னிச்சுக்கோங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். யாரென்று திரும்பிப் பார்க்கவில்லை. அமிர்தவல்லி முகம் வாடிவிட்டது. நான் உட்காரவில்லை.

அவள் மெதுவாக, "நான் முழுப் புத்தகம் அனுப்பிவெச்சனுங்களே, அதப் படிச்சீங்களா?" என்றாள்.

"இல்ல."

"நேரமில்லீங்களாம்மா?"

"நேரமிருந்துச்சு."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "படிச்சுட்டு எழுதுங்க. நல்லால்லீன்னா நல்லால்லீன்னே எழுதுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்றாள்.

ஜெசிந்தா, "ஐயா, உங்க கேள்வி?" என்று வாத்தியாரைப் பார்த்தாள். அவர் புத்தகத்திலிருந்து சீட்டை உருவி மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"எனக்குக் கேள்வி இல்லீங்க. டீ வந்தாச்சான்னு பாருங்க."

ஜூலை 29, திங்கள்

காலை ஒன்பதுக்கு உட்கார்ந்து ஒன்பது நாற்பதுக்கு முடித்தேன். பதினாறு பக்கத்துக்கு நாற்பது நிமிஷம் எனக்கு அதிகம்தான்.

கதவைத் திறந்தது மகள் இல்லை. யாரோ ஒருத்தி, கையில் கரண்டியோடு. முன்னால் இருந்தவர்கள் இந்த வீட்டைக் காலி செய்துகொண்டு போய் மூன்று வருஷம் ஆகிறது, எங்கே என்று தெரியாது என்கிறாள். தாய் கொண்டுபோன முறுக்கை அந்த வீட்டுக் குழந்தையிடம் கொடுத்துவிட்டுப் படியிறங்குகிறாள். மீதிப் பக்கம் முழுக்கத் திரும்பி வருகிற பஸ்தான். அழுகை இல்லை, ஒன்றும் இல்லை. கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்கிறார், தன் ஊர்ப் பேரைச் சொல்கிறாள். அவ்வளவுதான்.

இதென்ன முடிவு என்று கோபம் வந்தது. புத்தகத்தைக் கட்டிலில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவினேன். கழுவி முடித்துக் கலாமணிக்குப் போன் போட்டேன்.

"சுகந்தி இன்னும் அந்த மாரியம்மன் கோயில் வீதி வீட்லதான இருக்கறா?"

"யாரும்மா, சுகந்தியா?"

"கேக்கறனல்ல."

"அந்த வீட்ட உட்டு ஆறு வருஷமாச்சும்மா."

"எனக்குச் சொல்லவே இல்லியே."

"நீ கேக்கவே இல்லியேம்மா."

விலாசத்தைச் சொல்லச் சொன்னேன். மங்கலம் ரோடு, பெட்ரோல் பங்குக்குப் பின்னால், மாடி வீடு. எழுதிக்கொண்டேன்.

"பையன் படிக்கறானா?"

"பையன் இல்லம்மா, பொண்ணு. இளவேனில். ரெண்டாவது போறா."

யாரோ பையன் என்று சொன்னதாக நினைப்பு எனக்கு. யார் சொன்னது என்று யோசித்தால், யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

வைக்கப் போகும்போது கலாமணி, "அம்மா, இன்னொண்ணு. சொன்னா நீ திட்டுவ" என்றாள்.

"சொல்லு."

"மாசாமாசம் உன் பக்கத்தப் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பறேன். அவதான் கேட்டா. ஆரம்பத்துல இருந்தே படிக்கறா."

"இந்த மாசத்ததும் அனுப்புனியா?"

"ம்."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலம்மா. எப்பவும் ஏதாச்சும் சொல்லுவா. இந்தத் தடவ ஒண்ணும் சொல்லல."

'அந்தக் கதவு மூடியே இருக்கட்டும்.' அதை நான்தான் எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது என்று வேறு எழுதி வைத்திருக்கிறேன்.

ஜூலை 30, செவ்வாய்

ஆகஸ்ட் இதழுக்கு அனுப்பியது:

'இந்த மாதம் படித்தது: மூன்று. கிணறு வெட்டுகிறவர்களைப் பற்றிய புத்தகம் நன்று. சமையல் புத்தகத்தில் கொள்ளுக்குப் பூண்டு போடச் சொல்லவில்லை, அது ஒன்றே போதும் அதன் லட்சணத்துக்கு. மூன்றாவது, "தெக்காலே ஒரு வீடு." போன மாதம் இதைப் படித்ததாக எழுதினேன். படித்தது இருநூற்றெட்டுப் பக்கம்தான். கடைசிப் பதினாறு பக்கம் என் கைக்கு வந்த புத்தகத்தில் இல்லை. அது தெரியாமல் முடிவைப் பாராட்டினேன். தெரிந்த பிறகு, எழுதியவரிடமே மழுப்பினேன். கைக்கு முழுப் புத்தகம் வந்தும் பதினெட்டு நாள் படிக்காமல் வைத்திருந்தேன். இப்போது படித்துவிட்டேன். முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சரியான முடிவு. கதவு மூடியே இருக்கட்டும் என்று நான் எழுதியது தப்பு. அந்தத் தாய் மூன்று வருஷம் முன்னாலேயே போயிருக்க வேண்டும்.

அடுத்த மாதம் படிக்கப்போவது: ஒன்றே ஒன்று, பனைமரம் பற்றியது, ஜெசிந்தாவிடம் இரண்டு பிரதி இருக்கிறது. அதற்கு மேல் சொல்வதற்கில்லை. ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பல்லடம் போகிறேன். யாரும் கூப்பிட்டுப் போகவில்லை, நானாகத்தான் போகிறேன்.'

அருணகிரி உடனே போன் போட்டான்.

"அக்கா, மழுப்புனது கிழுப்புனதெல்லாம் போடோணுமா? பைண்டிங்னு ஒரு வரி போட்டா முடிஞ்சுது."

"எல்லாத்தையும் போடு."

"செரி. இந்தப் பல்லடம் போறது, அது எந்தப் புத்தகத்துல வருது?"

"எந்தப் புத்தகத்துலயும் வரல. ஒரு ஆளு படிக்கோணும், அதுக்குத்தான். ஒரு எழுத்து எடுத்தீன்னா உன் பத்திரிகைக்கு இனி எழுத மாட்டேன்."

ஆகஸ்ட் 2, வெள்ளி

இதழ் வந்தது. ஒரு எழுத்தும் எடுக்கவில்லை. கலாமணி காலையிலேயே சுகந்திக்கு அனுப்பிவிட்டாளாம். பார்த்துவிட்டதற்கு நீலக் கோடு விழுந்துவிட்டது, பதில் இல்லை என்றாள்.

மாவு ஆட்டினேன்.

ஆகஸ்ட் 3, சனி

பதில் இல்லை. பனைமரப் புத்தகம் முப்பது பக்கம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இல்லை. பால்காரர், "படிச்சேனுங்க, மனசுல பட்டத அப்படியே எழுதிப்போட்டீங்க" என்றார். அவர் படிப்பார் என்றே எனக்குத் தெரியாது. பனைமரம் எழுபது பக்கம்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கலாமணி மத்தியானம் போன் போட்டாள். சுகந்தி பேசினாளாம். எந்த பஸ் என்று கேட்டாளாம். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோக்காரர்கள் அதிகம் கேட்பார்கள், நடந்தால் தூரம், அதனால் அவள் வீட்டுக்காரர் வண்டியில் வந்து கூட்டிப் போவாராம்.

"ஒம்பதே முக்காலுக்கு வந்துரும்னு சொல்லு" என்றேன். பிறகுதான் ஞாபகம் வந்தது. "அவர நான் பாத்ததே இல்லியே. எப்படி அடையாளம் தெரியும்?"

"உனக்குத் தெரிய வேண்டாம்மா, அவரு கண்டுபிடிச்சுக்குவாரு. உன் பக்கத்து மேல போட்டோ போடறாங்கல்ல. வீட்ல சத்தமா படிச்சுக் காட்டறதே அவருதான்."